வெட்ஸ்லாரில் ஒரு நீதிமன்றம், ஜித்ராவில் ஓர் அண்ணன், பெண்டாங்கில் ஓர் அண்ணன்

1

நான் குடியிருக்கும் ஊரில் முன்னொரு காலத்தில் ஒரு பெரிய நீதிமன்றம் இருந்தது. ஒரு வழக்கைத் தீர்க்க நூறு வருடத்துக்கு மேலும் எடுத்துக்கொண்டது என்று பெயர் வாங்கிய நீதிமன்றம். அதைச் சொல்லிச் சிரிக்கும் உரிமை எனக்கு இல்லை. என் இரண்டு அண்ணன்மார்களின் வழக்கை நானும் பல வருடங்களாக இழுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஊரின் பெயர் வெட்ஸ்லார். மலேசியாவில், கெடாவில் இருக்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஜெர்மனியிலேயே பலருக்குத் தெரியாது. ஆற்றங்கரையில் மேடேறும் கல் பாவிய தெருக்கள், ஒரு கோபுரம் பாதியிலேயே நின்றுபோன பெரிய தேவாலயம், கேமராவுக்கும் நுண்ணோக்கிக்கும் கண்ணாடி வில்லை செய்யும் தொழிற்சாலைகள். அந்த வில்லை வேலைக்காகத்தான் என் கணவர் சேகர் இங்கே வந்தார். சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலையில் அவரோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து வேலை பார்த்த நான் அவர் பின்னாலேயே வந்தேன். ஒரு பெண்ணைப் பெற்று, வளர்த்து, அவள் சட்டம் படிக்கப் போன பிறகு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், பழைய நீதிமன்றத்தின் அருங்காட்சியகத்தில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தேன். நுழைவுச்சீட்டு கொடுப்பேன். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் எதையும் தொடவேண்டாம் என்று சொல்வேன். மற்ற நேரத்தில் சுவரில் இருப்பதையெல்லாம் படிப்பேன். ஜெர்மன் மொழியை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அந்தச் சுவர்களிடம்தான். அதனால் கடையில் உருளைக்கிழங்கு கேட்கும்போதுகூட என் வாயிலிருந்து சில சமயம் வழக்கறிஞர் மொழி வந்துவிடும். கடைக்காரப் பெண் நல்லவள், சிரிக்காமல் எடை போடுவாள்.

அந்த நீதிமன்றத்தின் பெயர் ரைக்ஸ்காமர்கெரிஷ்ட். பழைய ஜெர்மானியப் பேரரசின் உச்ச நீதிமன்றங்களில் ஒன்று. 1495இல் தொடங்கி, அங்கே இங்கே அலைந்து, ஸ்பையர் என்ற நகரத்தில் நெடுங்காலம் இருந்தது. பிரெஞ்சுப் படை அந்த நகரத்தைக் கொளுத்தியபோது, தப்பிய வழக்குக் கட்டுகளோடு இந்தச் சின்ன ஊருக்குக் குடிபெயர்ந்து வந்தது. வேறு இடம் அமையாமல், ஏற்றுக்கொண்ட ஊருக்கு வந்து, அப்புறம் அங்கேயே வேர்விட்ட கதை. எங்களைப் போன்றவர்களுக்கு அதன்மேல் ஒரு பாசம் வருவதில் ஆச்சரியம் இல்லை.

வேலைக்குப் போகும் பேருந்தில் நான் உட்கார்ந்ததும் கைப்பேசி துடிக்கும். இங்கே காலை என்றால் கெடாவில் பிற்பகல். சாப்பிட்டு முடித்து, மனக்குறையெல்லாம் மேலெழுந்து வரும் நேரம். முதலில் ஜித்ராவிலிருந்து பெரியண்ணன் இராசையாவின் குரல்.

"கமலா, பசியாறிட்டியாம்மா? அந்தப் பெண்டாங்காரன் என்னா செஞ்சிருக்கான் தெரியுமா? கோயில் நோட்டீசுல அப்பா பேருக்குக் கீழ அவன் பேரை மட்டும் போட்டிருக்கான்லா. நான் என்னா செத்தா போயிட்டேன்?"

இரண்டு நிறுத்தம் தாண்டினால் பெண்டாங்கில் மளிகைக்கடை வைத்திருக்கும் சின்னண்ணன் கோவிந்தன்.

"கமலா, அந்த ஆளு உனக்கு மெசேஜ் போட்டிருப்பாரு, எனக்குத் தெரியும். நீ ரெண்டு பக்கமும் கேட்டுட்டு நாயத்தச் சொல்லு. நான் வேற யாரு கிட்ட போயி சொல்றது?"

ஒருவருக்கு மற்றவர் 'பெண்டாங்காரன்'. அவருக்கு இவர் 'அந்த ஆளு'. நான் இருவருக்கும் ஒரே பதிலைத்தான் அனுப்புவேன்: பார்க்கலாம் அண்ணே.

2

வழக்கின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். ஜெராய் மலைக்குக் கீழே, பீடோங் பக்கத்தில் எங்கள் தோட்டம். நாங்கள் பிறந்தபோது கித்தாக்காடு, எங்கு பார்த்தாலும் ரப்பர் மரம். இப்போது எல்லாம் செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். ஆட்கள் எல்லோரும் பட்டணங்களில் ஆலைக்கும் கடைக்கும் போய்விட்டார்கள். மாரியம்மன் மட்டும் செம்பனைக்கு நடுவே இருக்கிறாள். திருவிழாவுக்கு எல்லோரும் திரும்பி வருவார்கள். அந்தச் சில நாட்கள் காடு முழுக்கக் காடிகளாக, கார்களாக நிற்கும்.

திருவிழாவில் மூன்றாம் நாள் உபயம் எங்கள் குடும்பத்துடையது. அப்பா முத்தையா மண்டோராக, ஆட்களை வேலை வாங்கும் கங்காணியாக இருந்த காலத்தில் பிடித்த உபயம். பூசை முடிந்ததும் உபயக்காரரின் தலையில் அம்மன் துணியைப் பரிவட்டமாகக் கட்டுவார்கள். தோட்டத்தில் துரை கைகுலுக்கினால்கூட அப்பா இவ்வளவு நிமிர்ந்து நின்றிருக்கமாட்டார். அவர் போன பிறகு அது மூத்தவரான பெரியண்ணனுக்கு வந்தது. அதில் யாருக்கும் தகராறு இல்லை.

அந்த வருடம் அம்மனுக்குப் பெரிய மாலை சுங்கைப்பட்டாணியில் சொல்லியிருந்தது. அதை எடுத்துவரப் பெரியண்ணன் தன் லாரியிலேயே போனார். அப்போது அவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், எதற்கும் லாரிதான். திரும்பி வரும்போது சாலையில் நெரிசல். இங்கே குருக்கள் நல்ல நேரம் முடியப்போகிறது என்று அவசரப்படுத்துகிறார். பெரியண்ணன் கைப்பேசியை எடுக்கவில்லை, ஓட்டும்போது எடுக்கவே மாட்டார். கடைசியில் சின்னண்ணன் முன்னால் போய் நின்றார். மேளம் முழங்கப் பரிவட்டம் அவர் தலையில் ஏறியது.

அந்த நிமிடத்தில்தான் பெரியண்ணன் இரண்டு கையிலும் மாலையை ஏந்திக்கொண்டு பந்தலுக்குள் வந்தார். தம்பியின் தலையைப் பார்த்தார். திரும்பி நடந்துபோய், அம்மனுக்கு வாங்கிய மாலையை லாரியின் பக்கக் கண்ணாடியில் மாட்டினார். "இனிமே இந்தக் குடும்பத்துல நான் இல்ல" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு லாரியைக் கிளப்பினார். அவ்வளவு பூவும் காற்றில் ஆடிக்கொண்டே போனதை தோட்டத்துப் பழைய ஆட்கள் இன்றும் சொல்லிக் காட்டுவார்கள். நான் அங்கே இல்லை. எனக்கு அன்றைக்கு இங்கே பனி.

பெரியண்ணன் கட்சி: "ஒரு நிமிசம் பொறுத்திருந்தா வந்திருப்பேன். அவனுக்கு எப்படா நான் லேட்டாவேன்னு ஆசை."

சின்னண்ணன் கட்சி: "யாராச்சும் அம்மனைக் காக்க வைப்பாங்களா? குடும்ப மானம் போகாமக் காப்பாத்துனது நானு. எனக்குப் பட்டம் திருடன்!"

இரண்டையும் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம், அப்போது யார் பேசுகிறாரோ அவர் சொல்வது சரி என்றே தோன்றும். நீதிபதிக்கு இது பெரிய வியாதி.

3

இப்படியே போயிருக்கும். மகள் மலருக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மாப்பிள்ளை தோமாஸ், அவளோடு படித்தவன். இங்கே நகராட்சியில் பதிவு, பிறகு சுங்கைப்பட்டாணியில் கோயில் கல்யாணம். கோயில் கல்யாணத்துக்கு மலர் "சரி மா, உனக்காக" என்றாள். அந்த 'உனக்காக' என் நெஞ்சில் கொஞ்சம் தைத்தது. தோமாஸ்தான் வேட்டி கட்டிப் பார்த்து, நடந்து பார்த்து, உட்கார்ந்து பார்த்து, படி ஏறியும் பார்த்துவிட்டான்.

பதிவுக்கு எங்கள் பத்திரங்களையெல்லாம் கேட்டார்கள். கெடாவில் பதிந்த எங்கள் திருமணப் பத்திரத்தை மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, அந்த முத்திரை உண்மைதான் என்று இன்னொரு முத்திரை குத்தி எடுத்துப் போனேன். அதிகாரிக்கு என் பெயரில் இருக்கும் 'அனாக் பெரம்புவான்' புரியவில்லை. இன்னாரின் மகள் என்று பொருள் என்றேன். "அப்படியானால் உங்கள் குடும்பப் பெயர் எது?" என்றார். எங்களுக்கு அப்பா பெயர்தான் என்றேன். "அது அவருடைய பெயர். உங்களுடையது எது?" நான் இங்கே வந்த நாளிலிருந்து நடக்கும் பேச்சு இது. முடிவில் எப்போதும்போல என்னைத் திருமதி முத்தையா என்று அழைத்தார்கள். அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிடும்போது ஒரு கணம் என் அம்மா எங்கேயோ உட்கார்ந்திருக்கிறாள் என்று தேடுவேன். அதற்காகவே நான் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த முத்திரைகள் எல்லாம் கிடைத்துவிட்டன. கிடைக்காதது ஒன்றுதான்: முதல் தட்டு யாருக்கு?

உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. தாய்மாமன் மாலை போட்டு அழைத்து வராமல் எங்கள் வீட்டுப் பெண் மணமேடை ஏறமாட்டாள். அந்தத் தாய்மாமனை அழைக்க, வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், தேங்காய் பழத்தோடு பத்திரிகையைத் தட்டில் வைத்து, வீடு தேடிப் போய், நேரில் கொடுக்கவேண்டும். அம்மன் பாதத்துக்கு அடுத்தபடி முதல் தட்டு மூத்த மாமனுக்கு. மூத்தவர் பெரியண்ணன். ஆனால் "குடும்பத்துல நான் இல்லன்னு அந்த ஆளே ஊர் முன்னாடி சொல்லிட்டாரு. அப்பா உபயத்த எடுத்து நடத்துறவன் நான். இப்ப யாரு மூத்தவன்?" என்று சின்னண்ணன் கேட்டிருந்தார்.

ஆக, நான் யார் வீட்டுக்கு முதலில் போகிறேனோ அவர் ஜெயித்தார். மற்றவர் கல்யாணத்துக்கு வரமாட்டார். என் பிள்ளை ஒரு மாமன் இல்லாமல் மேடை ஏறுவாள். இவ்வளவு தூரத்தில், ஒரு சித்தப்பா இல்லை, ஒரு அத்தை இல்லை என்று வளர்ந்த பெண். அவளுக்கு இருப்பது இந்த இரண்டு மாமன்தான். சின்ன வயதில் லீவுக்குப் போனபோது ஒருவர் லாரியில் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டினார், இன்னொருவர் கடையிலிருந்த மிட்டாய்ப் புட்டியை அப்படியே அவள் மடியில் வைத்தார். அதில் ஒருவரை விட என்னால் முடியாது.

குரல்செய்திகள் குவிந்தன.

"ஏர்போர்ட்ல எறங்கி நேரா ஜித்ராதானேம்மா? அண்ணி இப்பவே ரூம் கூட்டி வச்சிட்டா."

"கமலா, பெண்டாங்குக்குத்தான் மொத வர்ற, இல்ல? நான் சும்மா கேக்குறேன். நீ எப்படி வந்தாலும் சரிதான்லா. ஆனா மொத வர்ற, இல்ல?"

அலோர் ஸ்டார் விமான நிலையத்தின் வாசலில் நின்றால் வடக்கே ஜித்ரா, தெற்கே பெண்டாங். தீர்ப்பு அந்த வாசலில் காத்துக்கொண்டிருந்தது.

4

அந்த வாரம் மலர் அருங்காட்சியகத்துக்கு என்னைக் கூப்பிட வந்தாள். கூட்டம் இல்லை. இரண்டு பேரும் பழைய வழக்குக் கட்டுகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தோம். அவளுடைய தமிழ் எப்படியென்றால், வீட்டுக்குள் மட்டும் போடும் செருப்பு மாதிரி. வாசலைத் தாண்டினால் கழற்றிவிடுவாள். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே பேசினாள்.

"மா, வாட்ஸ்அப்ல பத்திரிகை அனுப்பினா போதாதா? ரெண்டு பேருக்கும் ஒரே செகண்ட்ல போகும். யாரும் ஃபர்ஸ்ட் இல்ல."

"அப்படி அனுப்பினா ரெண்டு பேரும் வரமாட்டாங்க. அதுல மட்டும் ஒத்துமையா இருப்பாங்க."

அவள் சிரித்தாள். பிறகு பெட்டியைக் காட்டி, "இவங்களுக்கும் இதே கஷ்டம்" என்றாள்.

வழக்குகள் இங்கே பெரும்பாலும் எழுத்தில்தான் நடந்தன. வாதி ஒரு ஊரில், பிரதிவாதி வேறு ஊரில். முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். வழக்கறிஞர்கள் தாள் கொடுப்பார்கள், தாள் வாங்குவார்கள். நீதிபதிகள் எப்போதும் போதாது, கட்டுகள் ஏறிக்கொண்டே போகும். நேரில் வந்து நின்று, ஐயா என் வழக்கை எடுங்கள் என்று நச்சரிப்பவர்களின் கட்டுதான் மேசைக்கு வரும் என்ற நிலை. பைகளில் கட்டித் தொங்கவிட்டிருந்த கட்டுகளில் எதன் கயிற்றை எலி கடித்து அது கீழே விழுகிறதோ அந்த வழக்கைத்தான் எடுத்தார்கள் என்றுகூட ஒரு கேலிக் கதை உண்டு. ஒரு சமயம் நீதிபதிகளுக்குள்ளேயே சண்டை மூண்டு, சில வருடங்கள் நீதிமன்றமே நடக்கவில்லை. இது கேலி இல்லை, வரலாறு. படித்தபோது எனக்கு நம் ஊர்க் கோயில் கமிட்டிக் கூட்டத்தைப் பார்ப்பதுபோல இருந்தது.

"இவ்வளவு இழுத்த கோர்ட்டை எதுக்குத்தான் வச்சிருந்தாங்க?" என்றேன்.

"நீ சுவரெல்லாம் படிச்சிருக்கே, இது தெரியாதா? அதுக்கு முன்னாடி ஒரு பிரபுவுக்குக் கோபம் வந்தா, ஆளுங்களக் கூட்டிட்டுப் போய் இன்னொருத்தன் ஊரைக் கொளுத்துவான். இனிமே யாரும் அப்படிச் செய்யக்கூடாது, சண்டைன்னா கோர்ட்டுக்கு வான்னு ஒரே கூட்டத்துல ரெண்டு சட்டமும் போட்டாங்க. சாதாரணக் கிராமத்து ஆளுங்ககூடத் தன் பிரபு மேலயே இங்க கேஸ் போட்டிருக்காங்க, மா. கேஸ் முடியாம இருக்கலாம். ஆபர்... ஆனா, அது ஓடுற வரைக்கும் அவங்க கத்தி எடுக்கல."

என் மகள் எனக்குப் புரியாத ஒரு உலகத்தில் கெட்டிக்காரி என்பது தெரியும். அவள் என் உலகத்துக்குள்ளேயும் வந்து ஒரு விளக்கைப் போடுவாள் என்று நினைக்கவில்லை. இத்தனை வருடம் நான் சொன்ன 'பார்க்கலாம் அண்ணே' ஒன்றுக்கும் உதவாத சொல் என்று நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். அந்தச் சொல் இருந்ததால்தான் அவர்கள் கோபத்தை என்னிடம் கொட்டினார்கள், கோயில் வாசலில் கைகலக்கவில்லை. மனசு லேசானது.

"சரிடி. இப்ப என்ன செய்யறது?"

"இந்தக் கோர்ட் எப்படி முடிஞ்சுது?"

1806இல் கடைசிப் பேரரசர் முடியை இறக்கி வைத்தார். பேரரசு இல்லையென்றால் அதன் நீதிமன்றமும் இல்லை. தீராத வழக்குகள் தீராமலே கிடந்தன. பிற்பாடு கட்டுகளைப் பிரித்து அந்தந்த நாட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

"அதையே செய், மா. மூடு. கட்டை அவங்ககிட்டயே திருப்பி அனுப்பு."

பேருந்தில் ஏறுவதற்குள் செய்தேன். இரண்டு அண்ணன்மாரையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினேன். அதில் இதை எழுதினேன்: "அண்ணே, சின்னண்ணே, எனக்குத் தனித்தனியாக எதுவும் அனுப்பாதீர்கள், இனி கேட்கமாட்டேன். சொல்வதை இங்கே சொல்லுங்கள். நானும் மலரும் பத்திரிகையோடு வருகிறோம். எந்த வீட்டுக்கு முதலில் வருவது என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் இருவரும் பேசிச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தட்டைக் கோயிலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவோம். மலருக்கு மாமன் இல்லை என்று நினைத்துக்கொள்வோம்."

கடைசி வரியை ஒருமுறை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அனுப்பிவிட்டேன்.

ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழும் என்றதும் இரண்டு பேருக்கும் வாய் அடைத்துவிட்டது. சில நாள் கழித்துச் சின்னண்ணன் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கப் படம் ஒன்றை அனுப்பினார். அடுத்த நாள் பெரியண்ணன் முருகன் படம் போட்ட காலை வணக்கம் அனுப்பினார். புறப்படும் நாள்வரை குழுவில் நடந்த பேச்சுவார்த்தை இவ்வளவுதான்.

5

கோலாலம்பூரில் மாறி அலோர் ஸ்டாரில் இறங்கினோம். யாரும் வரமாட்டார்கள், வாடகை வண்டி பிடித்துக் கோயிலுக்குப் போகவேண்டியதுதான் என்று மலரிடம் சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன்.

இருவரும் வந்திருந்தார்கள். பெரியண்ணன் கூடத்தின் ஒரு கோடியில், கையில் மருமகளுக்கு ஒரு மல்லிகை மாலையோடு. சின்னண்ணன் மறுகோடியில், கையில் கடை வேனின் சாவியோடு. நடுவில் ஒரு மலாய்க் குடும்பம் யாருக்கோ கை காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே மெலிந்து, நரைத்து, ஒரே அச்சாக அப்பா மாதிரி ஆகிவிட்டிருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாததால் அது அவர்களுக்குத் தெரியவில்லை.

மலர் இரண்டு பக்கமும் ஓடி இரண்டு பேரையும் கட்டிக்கொண்டாள். அப்புறம் பெட்டிகள். கல்யாணச் சாமான் என்று நான் நிறையக் கொண்டுவந்திருந்தேன். பெரியண்ணனின் சின்னக் காடியில் அது ஏறாது. வேனில்தான் ஏற்றவேண்டும். பெரியண்ணன் ஒரு பெட்டியைத் தூக்கப்போனார். கை காலியாக வேண்டுமே என்று, பக்கத்தில் இருந்த வேனின் பக்கக் கண்ணாடியில் மாலையை மாட்டினார்.

மாட்டிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அப்படியே நின்றுவிட்டார். சின்னண்ணனும் பெட்டியைப் பாதியில் பிடித்தபடி நின்றார். மாலை ஆடிக்கொண்டிருந்தது.

பெரியண்ணன் மாலையை எடுத்தார். துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். பெட்டிகள் ஏறி, சின்னண்ணன் பின் கதவைச் சாத்தியதும் அதைப் பார்த்து, "டேய், அது சரியா சாத்தல" என்றார்.

சின்னண்ணன் கதவை மறுபடி இழுத்துச் சாத்தினார். "பழைய வேன். கொஞ்சம் அடிச்சுத்தான் சாத்தணும்" என்றார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என் அண்ணன்மார் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் வேன் கதவைப் பற்றியவை.

பெரியண்ணன் தன் காடியை அங்கேயே விட்டுவிட்டு முன்சீட்டில் ஏறி, மாலையை மடியில் வைத்துக்கொண்டார். நானும் மலரும் பின்னால். வேன் வாசலுக்கு வந்தது. சின்னண்ணன் யாரையும் கேட்கவில்லை. வடக்குப் பக்கம், ஜித்ராவுக்குத் திரும்ப விளக்கைப் போட்டார்.

"எங்கடா போற?" என்றார் பெரியண்ணன்.

"ஜித்ராவுக்கு. மொத தட்டு மூத்தவருக்குத்தான்."

"அடச்சீ, ஒம் பொண்டாட்டி சமைச்சு வச்சிட்டுக் காத்திருப்பா. பெண்டாங்குக்குத் திருப்புலா."

"அதெல்லாம் முடியாது. அண்ணி அங்க ரூம் கூட்டி வச்சிருக்காங்களாமே."

"நான் சொல்றேன், திருப்பு!"

"நான்தானே ஓட்டுறேன்! பேசாம வாங்கண்ணே!"

வேன் வாசலிலேயே நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். மலர் என் காதருகே குனிந்து, "மா, சண்டையா?" என்றாள்.

"ஆமா" என்றேன். "நல்லாப் போடட்டும்."

சின்னண்ணனின் குரல் திடீரென்று இறங்கியது. வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு நான் ஒரு நிமிசம் பொறுத்திருக்கலாம்ணே."

பெரியண்ணன் மாலையை உருட்டிக்கொண்டிருந்தார். "அம்மனை எப்படிடா காக்க வைப்ப? நேரம் போச்சுன்னா போனதுதான். நீ நின்னது சரிதான்."

பேருந்தில் உட்கார்ந்து பல வருடமாக நான் கேட்ட அதே வாதங்கள், ஒரு சொல் மாறவில்லை. ஆட்கள் மட்டும் மாறியிருந்தார்கள். இவர் வாதத்தை அவர் சொன்னார், அவர் வாதத்தை இவர் சொன்னார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். மலர் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணும் நனைந்திருந்ததைப் பார்த்தபோது, இந்தப் பெண் எங்கேயும் விலகிப் போய்விடவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

வேன் கடைசியில் எந்தப் பக்கம் திரும்பியது என்று இங்கே எழுதமாட்டேன். இதைப் படிப்பவர்களில் எங்கள் சொந்தக்காரர்களும் இருப்பார்கள். மறுபடி வழக்கு ஆரம்பித்துவிடும்.

6

நீதிமன்றம் போன பிறகு வெட்ஸ்லார் வாடிப்போனது என்று சுவரில் எழுதியிருக்கிறது. நீதிபதிகள், வழக்கறிஞர்கள், அவர்களை நச்சரிக்க வந்தவர்கள் என்று நிறைந்திருந்த வீடுகள் காலியாகின. வில்லைத் தொழில் வந்துதான் ஊர் மறுபடி எழுந்தது. இதையெல்லாம் முன்பு சும்மா படித்துவிட்டுப் போயிருக்கிறேன். இப்போதுதான் புரிகிறது.

பத்திரிகைகளைக் கொடுத்துவிட்டு, கல்யாணத்துக்கு முன் வேலைக்குத் திரும்பி வந்ததிலிருந்து என் பேருந்துப் பயணத்தில் சத்தமே இல்லை. கைப்பேசி துடிப்பதில்லை. ஆற்றையும் தேவாலயத்தையும் பார்த்துக்கொண்டு போகிறேன். அண்ணன்மார் சமாதானமாகிவிட்டார்கள் என்ற சந்தோஷம் நிறையவே இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் இவ்வளவு தூரத்தில் என்னைத் தினம் ஊருக்குள் இழுத்துப் போட்டது அந்தச் சண்டைதான். கடைத்தெரு இரைச்சலும், அண்ணி பின்னால் தாளிக்கும் சத்தமும், மழை தகரத்தில் விழுவதும் அந்தக் குரல்செய்திகளுக்குள் வரும். புகாரை விட்டுவிட்டு அதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

நேற்று பொறுக்கமுடியாமல் பேருந்திலிருந்தே பெரியண்ணனை அழைத்தேன். ஏதாவது ஒரு குறை, சின்னதாக, சொல்லமாட்டாரா என்று ஆசை.

எடுத்தது சின்னண்ணன்.

"கமலாவா? அண்ணன் குளிக்கிறாரும்மா. மலருக்கு மாலை சொல்லப் பூக்கடைக்குப் போறோம். அப்புறமாக் கூப்பிடு, நாங்க கொஞ்சம் வேலையா இருக்கோம்."

வைத்துவிட்டார். நான் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தேன்.